பானாவும் மானாவும்

நான் ஒன்றாம் வகுப்புப் படித்த வருஷம், ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காது கேட்காமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வரை நன்றாகத்தான் இருந்தார்கள். திங்கட்கிழமை பல் தேய்த்துவிட்டு வந்து அம்மாவிடம் தோசை கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "என்ன கண்ணு? என்ன வேணும்?" என்றாள்.

கல்லில் தோசை வெந்துகொண்டிருந்தது. அதைக் கையால் காட்டிக் கேட்டேன். "கையில காட்டாத கண்ணு, வாயில சொல்லு" என்றாள். சொன்னேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு உப்பு டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

உப்பு டப்பாவுடன் நான் நின்றுகொண்டிருந்தபோது அண்ணன் வந்தான். அவனிடம் தண்ணீர் கேட்டேன். அவன் முகத்தைப் பெரிய ஆள் போல வைத்துக்கொண்டு, "புரியலையே" என்று சொல்லிவிட்டுப் போய் என் செருப்பை எடுத்துவந்து போட்டான். அம்மாவாவது வருத்தத்தோடு காது கேட்காமல் இருந்தாள். அண்ணனுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

எனக்குப் பிறக்கும்போதே மேலண்ணத்தில் பிளவு. உதடு மற்றப் பிள்ளைகளுக்கு இருப்பது போலவே இருந்ததால் முதலில் யாரும் கவனிக்கவில்லை. பால் குடித்தால் மூக்கு வழியாக வரும். எல்லாப் பிள்ளையும் கக்கத்தான் செய்யும் என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பிறகு கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து, எனக்கு இரண்டு வயது தாண்டியபின் ஆபரேஷன் செய்தார்கள். "அண்ணத்தைத் தெச்சாச்சுங்க" என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். தைத்தது அண்ணனைத்தான் என்று நான் வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் தூங்கும்போது சட்டையைத் தூக்கித் தையலைத் தேடியிருக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. அவன் எங்கேயோ மறைத்து வைத்திருக்கிறான் என்று எண்ணிக்கொண்டேன்.

தைத்தாகிவிட்டது, இனிப் பேச்சு தானாக வந்துவிடும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பேச்சு வந்தது. ஆனால் மூக்கு வழியாக வந்தது. வாயில் காற்றைத் தேக்கி விட வேண்டிய எழுத்துகளுக்கெல்லாம் என் காற்று மேலே ஏறி மூக்குக்குப் போய்விட்டது. அதனால் பானா மானாவாயிற்று. டானா ணானாவாயிற்று. தானா நானாவாயிற்று. தோசை 'நோஞை'. தண்ணீர் 'நண்ணி'. இதெல்லாம் பின்னால் மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது. அப்போது என் காதுக்கு நான் பேசுவது மற்றவர்கள் பேசுவது போலத்தான் கேட்டது. ஒருநாள் பட்டம் விடலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். அவன் "மண்ணமா?" என்று கேட்டுச் சிரித்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மண்ணம் இல்ல, மண்ணம்!" என்று கத்தினேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பட்டத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன் எதற்குச் சிரிக்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை.

பலூன் ஊதினால் சரியாகிவிடும் என்று மாமா ஒரு பை நிறைய பலூன் வாங்கிவந்தார். விசில் வந்தது. மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கச் சொன்னார்கள். நான் ஊதி ஊதிக் கன்னம் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஓர் அக்காவிடம் அனுப்பினார்கள். வால்பாறை எஸ்டேட்டில் வளர்ந்தவர். ஒல்லியாக, எப்போதும் தொண்டை கட்டினது போன்ற குரலில் பேசுவார். பலூன் கதையைக் கேட்டுவிட்டு, "ஊதறதுனால ஊதத்தாங்க வரும். பேச்சு, பேசினாத்தான் வரும்" என்றார். என் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். ஆஆ என்று சொல்லச் சொன்னார். அண்ணம் நன்றாக அசைகிறது, பழக்கம்தான் மாறவில்லை, பழகியும் வராத எழுத்துகளுக்குப் பிறகு டாக்டரைப் பார்க்கலாம் என்றார். அதன் பிறகு என்னை வெளியே பொம்மை வைத்து விளையாடச் சொல்லிவிட்டு அம்மாவிடம் ஏதோ சொன்னார். அது ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை எங்கள் வீட்டுக்காரர்களுக்குக் காது போய்விட்டது.

காரணம் என்னவாக இருக்கும் என்று நான் தீவிரமாக யோசித்தேன். எங்கள் ஊர் சூலூருக்குப் பக்கம். ராணுவ விமானங்கள் வீட்டுக்கூரைக்கு மேலேயே போகும். அந்தச் சத்தத்தில் கெட்டிருக்கலாம். ஆனால் விமானம் என் தலைக்கு மேலேயும்தானே போகிறது? இன்னொரு காரணம் அப்பா. அப்பாவுக்கு ஏற்கெனவே காது மந்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். பதினைந்து வருஷமாகத் தறிக்குடோனில், விசைத்தறி ஓடும் கொட்டகையில், நின்றவர். அங்கே இருபது தறி ஒன்றாக அடிக்கும்போது யாரும் காதால் கேட்பதில்லை. எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். அந்த வியாதி அவரிடமிருந்து அம்மாவுக்கும் அண்ணனுக்கும் ஒட்டிக்கொண்டது என்று முடிவுக்கு வந்தேன்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அப்பாவுக்குத்தான் நான் சொல்வது முழுதும் புரிந்தது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு வருவார். சைக்கிளை நிறுத்திவிட்டு என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்து, "சொல்லு கண்ணு" என்பார். நான் உப்பு டப்பா, செருப்பு எல்லாவற்றையும் சொல்வேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பார். காது கெட்டவருக்குக் கேட்கிறது, நல்ல காதுக்காரர்களுக்குக் கேட்கவில்லை. இது எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்த வாரம் முழுதும் நான் சட்டையைக் கேட்டால் சீப்பு வந்தது. பாலைக் கேட்டால் "மாலா? எந்த மாலா?" என்று அம்மா கேட்டாள். மாலா எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். அவளையே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான் அண்ணன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா பாயில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் காது வலி வந்தபோது அவள் எண்ணெய் விட்டது நினைவுக்கு வந்தது. தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துவந்து, மேலே தெரிந்த காதில் ஊற்றினேன். எத்தனை சொட்டு என்ற கணக்கு எனக்குத் தெரியாது. காது நிறைந்து கன்னத்தில் வழியும் வரை ஊற்றினேன்.

அம்மா அலறிக்கொண்டு எழுந்தாள். முதுகில் ஓர் அடி விழுந்தது. பிறகு தலையைச் சாய்த்து எண்ணெயை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "ஏன் அம்மணி இப்படிச் செஞ்சுபோட்டே?" என்று கேட்டாள்.

நான் அழுதுகொண்டே சொன்னேன். உன் காது கெட்டுப்போய்விட்டது, எண்ணெய் விட்டால் சரியாகிவிடும், அதனால்தான் விட்டேன் என்றேன்.

அம்மாவின் முகம் மாறியது. கண் நிறைந்துவிட்டது. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரிந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. என்னை இழுத்து மடியில் போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அவள், "என்ன கண்ணு சொல்றே? எனக்குப் புரியலையே" என்றாள்.

அதற்குமேல் நான் அம்மாவிடம் பேசவில்லை. காது கேட்காதவர்களிடம் எப்படியும் பேசிப் பார்க்கலாம். காது கேட்டும் கேட்காதவளிடம் என்ன பேசுவது? அண்ணனிடமும் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குக் கூட வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்கினேன். பேச வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு சாயங்காலம் சைக்கிளுக்காக வாசலில் காத்திருப்பேன்.

அம்மா இரண்டு மூன்று நாள் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் சண்டைக்குப் போனாள். அப்பாவிடம் பேசுவதென்றால் சத்தமாகத்தான் பேச வேண்டும் என்பதால் எங்கள் வீட்டில் ரகசியச் சண்டை என்று ஒன்று கிடையாது.

"ஏனுங்க, நீங்க ஒருத்தர் புரிஞ்சுக்கறதுனாலதான் எல்லாம் கெடுது. உங்களுக்கும் புரியாத மாதிரி இருங்க."

"புரியறத எப்படி புள்ள புரியாம இருக்கறது?"

"அந்த மேடம் சொன்னாங்க. நாம ஒடனே புரிஞ்சுக்கிட்டா அது எதுக்குச் சிரமப்பட்டுத் திருத்திப் பேசும்?"

"திருத்தறதுக்கு என்ன இருக்குது? பாப்பா நல்லாத்தான பேசுது. நீங்க எல்லாருஞ் சேந்துதான் அதைப் பாடாப் படுத்தறீங்க."

அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த நாள் டீச்சரும் கூப்பிட்டு, பிள்ளை பேசுவதே இல்லை என்று சொல்லிவிட்டார். அந்தச் சனிக்கிழமை அப்பாவை ஷிப்டுக்குப் போகவிடாமல் அம்மா பஸ் ஏற்றினாள். சிங்காநல்லூர் தாண்டும் வரை அம்மா ஜன்னலையே பார்த்தாள், அப்பா எதிர்ப்பக்கம் பார்த்தார். நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

பயிற்சி அறையில் ஒரு பெரிய கண்ணாடியும் படம் போட்ட அட்டைகளும் இருக்கும். அம்மா உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாள். "மேடம், நீங்க சொன்ன மாதிரியேதானுங்க செஞ்சோம். இப்ப ஒரு வார்த்தை பேச மாட்டேங்குதுங்க."

"எப்படிச் செஞ்சீங்க? சொல்லுங்க."

அம்மா உப்பு டப்பா முதல் எண்ணெய் வரை ஒளிக்காமல் சொன்னாள். அந்த அக்கா நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"நான் தெனம் பத்து நிமிஷம்னு சொன்னேங்க. அதுவும் ஒரே ஒரு எழுத்துக்கு. கண்ணாடி முன்னால உக்காந்து, உதடு எப்படிச் சேருது, காத்து எப்படி வருதுன்னு காட்டிட்டு, மறுபடி சொல்லச் சொல்லணும். நீங்க நாள் பூரா செஞ்சுட்டீங்க."

"சீக்கிரம் சரியாகட்டும்னுதாங்க…" என்றாள் அம்மா.

"மத்த நேரமெல்லாம் அவ சொல்றது புரிஞ்சா, புரிஞ்சதுன்னு சொல்லுங்க. பேசறதுக்கே பயந்துட்டான்னா அப்புறம் எந்த எழுத்தைத் திருத்தறது?"

அப்பாவுக்கு வெற்றி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, குடோனில் பேசுகிற சத்தத்தில், "நானும் அதைத்தாங்க சொன்னேன். எனக்கெல்லாம் புரியுதுங்க. பாப்பா நல்லாத்தானுங்க பேசுது" என்றார்.

அந்த அக்கா அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"தறி ஓட்டறேனுங்க."

அவர் மேஜையிலிருந்த ஒரு ஃபைலை எடுத்து என் வாய்க்கு முன்னால் மறைத்துப் பிடித்தார். "உங்க அப்பாவைக் கூப்பிடு பாக்கலாம்" என்றார். நான் கூப்பிட்டேன்.

"என்ன சொன்னா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா சிரித்தார். "அவங்க அம்மாவைக் கூப்பிடுதுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அப்பாவையல்லவா கூப்பிட்டேன்? இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடச் சொன்னார். கத்தினேன். "அம்மான்னுதாங்க சொல்லுது" என்றார் அப்பா. பிறகு அந்த அக்கா ஃபைலை எடுத்துவிட்டு மறுபடியும் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன்.

"இப்ப?"

"இப்ப அப்பான்னு சொல்லுதுங்க" என்று சொன்ன அப்பா, பாதிச் சிரிப்பிலேயே நிறுத்திவிட்டார்.

பானாவுக்கும் மானாவுக்கும் உதடு ஒரே மாதிரி சேர்ந்து பிரியும் என்று அந்த அக்கா மெதுவாகச் சொன்னார். கண்ணால் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். அப்பா அதைக் கேட்டாரா, அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டாரா தெரியவில்லை. அம்மா பக்கம் திரும்பினார்.

"எப்பவுமே இப்படித்தானா?"

அம்மா தலையை ஆட்டினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"ஏன் புள்ள எங்கிட்டச் சொல்லல?"

"அது கூப்பிட்டா நீங்க அத்தனை சந்தோஷமாத் திரும்பிப் பாக்கறீங்க. எப்படிங்க நான் சொல்றது?"

அப்பா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். பரீட்சை வைத்தது எனக்கு, தோற்றது அப்பா என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. அவ்வளவு சுலபமான கேள்விக்கு அவர் ஏன் தப்பாகப் பதில் சொன்னார் என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் வருத்தம்கூட. கடைசியில் அவருக்கும் அந்த வியாதி வந்துவிட்டது, இனி யாரிடம் பேசுவது என்று பயமாகவும் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். முகம் கழுவியிருந்தார். உட்காராமல் நின்றபடியே, "நான் என்னங்க செய்யோணும்?" என்று கேட்டார்.

"உங்க காதை இங்கேயே ஒரு டெஸ்ட் பண்ணிக்கங்க. பாப்பாவுக்கு உங்க கை போதும்" என்றார் அந்த அக்கா. அப்பாவின் உள்ளங்கையை என் வாய்க்கு முன்னால் வைத்தார். என்னை மூக்கைப் பிடித்துக்கொண்டு 'ப' சொல்லச் சொன்னார். காற்றுக்கு வேறு வழியில்லாமல் வாய் வழியாக வெடித்து அப்பாவின் கையில் பட்டது. "தெரியுதுங்க" என்றார் அப்பா. மூக்கை விட்டுவிட்டுச் சொன்னேன். "இப்பத் தெரியலைங்க." தறியில் ஓடுகிற நூலைத் தொட்டே இழுவை சரியா என்று சொல்லும் கை அது. அன்று முதல் பத்து நிமிஷம் அப்பாவுடையது என்று முடிவாயிற்று. அம்மாவுக்குக் காது திரும்பி வந்தது. தோசை கேட்டால் தோசை கிடைத்தது. ஆனாலும் நான் அவளிடம் பேசத் தொடங்க நாலைந்து நாள் ஆயிற்று. அந்த நாலைந்து நாளும் அவள் நான் கேட்காமலேயே தோசை சுட்டாள்.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையிலிருந்து ஒரு துளி பஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைப்பார். "பறக்கோணும்" என்பார். நான் முதல் நாளே ஊதிப் பறக்கவிட்டேன். "ஊதக் கூடாது கண்ணு, சொல்லோணும்" என்று இன்னொரு துளி வைத்தார். மூக்கைப் பிடித்தால் பஞ்சு பறக்கும். விட்டால் உட்கார்ந்துகொள்ளும். பல வாரம் இப்படிப் போயிற்று. ஒருநாள் மூக்கைப் பிடிக்காமலேயே வெறும் 'ப'வுக்குப் பஞ்சு அசைந்தது. பிறகு 'பா'. பிறகு 'பால்'. வார்த்தைக்கு நடுவில் வரும் பானா மட்டும் பிடி கொடுக்கவில்லை. அண்ணன் அவனாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பஞ்சு பறந்தால் பிடித்துக்கொண்டு வந்து கொடுப்பான். டானாவும் கானாவும் வருவதற்கு அதன் பிறகு மூன்று வருஷமும், நடுவில் இன்னோர் ஆபரேஷனும் ஆயின. அப்பா காதுக்கு ஒரு மெஷின் வாங்கிப் போட்டுக்கொண்டார். குடோனில் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வார்.

ஆனால் முதலில் வந்தது பானாதான். பிடி கொடுக்காத அந்த நடுப் பானாவும் வந்தது ஒரு விடுமுறை நாள் காலையில். அப்பா காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அப்பா எப்போது வருவார் என்று கேட்டேன். பின்னிக்கொண்டிருந்த கை நின்றது.

"என்ன கேட்டே?"

மறுபடியும் காது போய்விட்டதோ என்று பயந்துகொண்டே திரும்பச் சொன்னேன். அம்மா என்னைத் தன் பக்கம் திருப்பவில்லை. எனக்குப் பின்னால் இருந்தபடியே, "அப்பான்னு மட்டும் சொல்லு" என்றாள். சொன்னேன். "இன்னொருக்கா." சொன்னேன். பாதிப் பின்னலோடு என்னை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் போனை எடுத்து வந்தாள். பட்டன் போன். அப்பாவுக்கு அடித்தாள்; சட்டைப்பையில் போன் அதிர்ந்தால்தான் அவருக்குத் தெரியும். "ஏனுங்க, மெஷினை மாட்டிக்கிட்டு வெளிய வாங்க! ஒண்ணும் ஆகலீங்க, வாங்க!" என்று திரும்பத் திரும்பக் கத்தினாள். தறிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது எனக்கும் கேட்டது. போனை என் வாயருகே வைத்தாள்.

அப்பா என்னிடம் போனில் பேசியதே இல்லை. போனில் முகம் தெரியாது. எங்கே பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அப்பா" என்றேன்.

பதில் வரவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். தூரத்தில் தறிகள் அடிப்பதும் பக்கத்தில் யாரோ மூச்சு விடுவதும் கேட்டன. அவ்வளவுதான்.

"பேச மாட்டேங்கறாங்க" என்று அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். அம்மா காதில் வைத்தாள். அவளும் ஒன்றும் பேசவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேசு பேசு என்று இத்தனை மாதமாக என்னைத் துரத்திய இருவரும் ஆளுக்கொரு பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடியும் தப்பாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். அம்மாவின் காதிலிருந்த போனுக்குப் பக்கத்தில் போய், இன்னும் கொஞ்சம் சத்தமாக, இன்னொரு தரம் சொன்னேன்.